காய்த்த கை உறையாகாது

மாரிகாலத்தில் கையுறை மாட்டிக்கொண்டு தூண்டில் போடப் புறப்படுகிறவனுக்குத் திருகோணமலைக் கரையில் முதலில் கிடைப்பது பகிடிதான். "என்ன தம்பி, ஒப்பரேசனுக்கோ போறாய்?" என்பார் ஒருவர். "மீனுக்குக் கூச்சமாக்கும்" என்பார் இன்னொருவர். சிரித்துவிட்டுப் போகலாம். ஆனால் இந்தப் பகிடிக்குக் கீழே நன்றாக வேரோடிய ஒரு கொள்கை இருக்கிறது. திருக்கடலூரிலும் கிண்ணியாவிலும் மூதூரிலும் அதை ஏறக்குறைய ஒரே சொற்களில் கேட்கலாம். விடுமுறைக்கு வந்து இறங்குதுறையில் நின்று தூண்டில் வீசும் கொழும்புக்காரர்கூட அதைத்தான் திருப்பிச் சொல்கிறார்.

அந்தக் கொள்கை நான்கு கால்களில் நிற்கிறது. இது வெப்ப நாடு, கையுறை குளிர்நாட்டுக்காரனுக்கு உரியது என்பது முதலாவது. தொழில்காரனின் கை காய்த்த கை, அந்தக் காய்ப்பே அவனுக்கு உறை என்பது இரண்டாவது. உறை போட்டால் மீன் கொத்துவது விரலுக்குத் தெரியாது என்பது மூன்றாவது. அப்பனும் பாட்டனும் வெறுங்கையோடுதானே பிடித்தார்கள் என்பது நாலாவது.

இதைச் சொல்பவர்கள் ஒன்றும் தெரியாதவர்கள் அல்லர். கடலை என்னைவிட நன்றாக அறிந்தவர்கள். அதனால்தான் இந்தக் கொள்கையைத் தட்டிவிட்டுப் போகாமல் காலுக்குக் காலாக எடுத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: கையுறை குளிருக்குப் போடும் உடுப்பு அல்ல, அது தொழிற்கருவி. தூண்டிலின் அளவையும் ஈயத்தின் பாரத்தையும் வேலை பார்த்துத் தெரிவது போல உறையையும் வேலை பார்த்துத் தெரிய வேண்டும். வேண்டாம் என்பவர்களும் பிழை விடுகிறார்கள். எதையாவது வாங்கி மாட்டினால் போதும் என்பவர்களும் பிழை விடுகிறார்கள்.

முதல் காலைப் பார்ப்போம். திருகோணமலையில் குளிர் இல்லை என்பது வெப்பமானியைப் பார்த்துச் சொல்லும் பேச்சு. தை மாத விடியலில்கூட இங்கே வெப்பநிலை 24 பாகையை ஒட்டித்தான் நிற்கும். கடல் நீர் அதைவிடச் சற்றுச் சூடாகவே இருக்கும். இந்தக் கணக்கை நான் மறுக்கவில்லை. பனிக்கடியால் விரல் இழந்தவர் யாரும் இந்த மாவட்டத்தில் இருக்க முடியாது.

ஆனால் கார்த்திகையிலிருந்து தை வரைக்கும் இங்கே தூண்டில் போடுகிற கை எந்த நிலையில் இருக்கிறது? வாடைக்காற்று வந்தால் வெளிக்கடல் குழம்பிவிடும். சோளகக் காலத்தில் நீர்கொழும்பு, சிலாபம் பக்கமிருந்து வந்து வாடி அடித்தவர்கள் மேற்குக் கரைக்குத் திரும்பிவிடுவார்கள். எஞ்சியவர்களுக்குத் தஞ்சம் உட்துறைமுகமும் கொட்டியாரக்குடாவின் ஒதுங்கிய ஓரங்களும்தான். சிறு வள்ளத்தில், விடாமல் தூறும் மழையில், நனைந்த சாரத்தோடும் சேட்டோடும் மணிக்கணக்காக உட்கார்ந்திருக்கிறார்கள். கை ஒரு கணமும் காயாது. இரை கோக்க நனைகிறது, நூல் இழுக்க நனைகிறது, வள்ளத்துக்குள் தேங்கிய நீரை இறைக்க நனைகிறது.

காற்றைவிட நீர் ஏறக்குறைய 25 மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்தும். அதோடு, தோலில் இருக்கும் ஒரு கிராம் நீர் ஆவியாகிப் போகும்போது 580 கலோரி அளவில் வெப்பத்தைக் கொண்டுபோகிறது. வாடைக்காற்று அந்த வேலையை ஓயாமல் செய்கிறது. உடல் முழுவதும் நனைந்திருக்கும்போது நெஞ்சையும் வயிற்றையும் காப்பாற்ற இரத்தம் உள்ளே ஒதுங்குகிறது. முதலில் கைவிடப்படுவது விரல்நுனி. வெப்பமானி 24 என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே "கை விறைக்குது" என்று சொல்பவர்கள், இங்கே குளிர் எங்கே என்று கரையில் கேட்ட அதே ஆட்கள்தான்.

விறைப்பைக்கூட விட்டுவிடுவோம். கையுறை குளிருக்கு மட்டும்தான் என்ற அடிப்படையே பிழையானது. செயற்கை ஈயைத் தூண்டிலில் கட்டி வீசும் மேல்நாட்டு மீன்பிடியை எடுத்துக்கொள்ளுங்கள். மாலைதீவிலும் சீசெல்ஸிலும் கொளுத்தும் வெயிலில், முழங்கால் ஆழ வெந்நீர் போன்ற கடலில் நின்று அப்படிப் பாரை பிடிக்கிறவர்கள் சுட்டுவிரலுக்கும் நடுவிரலுக்கும் மெல்லிய நெகிழ்துணி உறை போடுகிறார்கள். குளிருக்காகவா? விரல் மடிப்பின் மேலாக நூல் திரும்பத் திரும்ப உரசி ஓடுகிறது. உப்பு ஏறிய நூல் அரம் மாதிரி அறுக்கிறது. அதற்காகத்தான். வெப்பக் கடலில் பிறந்த கையுறைக்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

இரண்டாவது கால் காய்ப்பு. இதுதான் எங்கள் ஆட்கள் மிகவும் பெருமையோடு காட்டும் சான்று. உள்ளங்கையை விரித்துக் காட்டுவார்கள். மஞ்சள் பூத்துத் தடித்திருக்கும். பல வருட உழைப்பின் பதக்கம் அது, மதிக்கிறேன். ஆனால் காய்ப்பு உலர்ந்திருக்கும்போதுதான் கவசம். தோலின் மேற்படலம் தண்ணீரை உறிஞ்சி ஊதும் தன்மை கொண்டது. தடிப்பு எவ்வளவோ அவ்வளவு தண்ணீரை அது வாங்கும். இரண்டு மணிநேரம் ஊறிய காய்ப்பு வெளிறி, மெத்தென்று ஆகிவிடும். ஈரத்தோலில் உரசலும் கூடும். அந்த நிலையில் ஒரு பாரை எதிர்பாராமல் இழுத்து நூல் ஓடினால் காய்ப்பு தோலோடு சேர்ந்து கிளம்பும். கோடையில் பத்து மீனை இழுத்தும் ஒன்றும் ஆகாத கை மாரியில் ஒரே மீனுக்குக் கிழிவது இதனால்தான். காய்ப்பை நம்புகிறவர், அது எந்தப் பருவத்தில் மிகவும் தேவைப்படுகிறதோ அந்தப் பருவத்தில் கைவிடும் ஒன்றை நம்புகிறார்.

படித்த தரப்பிலிருந்து இதற்கு ஒரு மறுவாதம் வரும். தண்ணீரில் ஊறினால் விரல்நுனி சுருங்குகிறதல்லவா, அது ஈரப்பொருளை இறுகப் பிடிக்க இயற்கை தந்த வசதி, அதை ஏன் உறைக்குள் மூட வேண்டும் என்பார்கள். 2013 இல் பிரித்தானியாவின் நியூகாசில் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், சுருங்கிய விரல்கள் ஈரமான பொருட்களைச் சற்று வேகமாகக் கையாள்கின்றன என்று கண்டது உண்மை. அடுத்த ஆண்டே ஜேர்மனியில் நடந்த இன்னொரு சோதனையில் அப்படி எந்த அனுகூலமும் தென்படவில்லை. எது சரியாயிருந்தாலும், அந்தச் சோதனைகளில் எடுத்து வைத்தவை கோலிக்குண்டு போன்ற சிறு பொருட்கள். இறுகிய தங்கூசி நூல் விரலின் குறுக்காக ஓடுவதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. நல்ல பிடி வேறு, தோல் தாங்குவது வேறு.

வெட்டோடு விஷயம் முடிந்தால்கூடப் பரவாயில்லை. மாரிக்காலத்து வெட்டு கோடைக்காலத்து வெட்டைவிட மோசமானது. கொட்டியாரக்குடாவுக்குள் மகாவலி வந்து விழுகிறது. மலைநாட்டிலும் சமவெளியிலும் பெய்த மழையெல்லாம் சேறாகவும் குப்பையாகவும் அந்த வாய்வழியே வந்து குடாவைக் கலக்கும். நீரின் உப்பு குறையும், சூடு பெரிதாகக் குறையாது. இளஞ்சூடான அரையுப்பு நீர்தான் விப்ரியோ வகைக் கிருமிகளில் சில கொடியவற்றுக்குப் பிடித்த இடம். அவற்றுள் ஒன்று, வெட்டுக்காயம் வழியே உள்ளே புகுந்தால், நீரிழிவோ ஈரல் நோயோ உள்ள ஒருவரை ஓரிரு நாளில் வைத்தியசாலைக் கட்டிலில் கிடத்திவிடும், உயிரையும் வாங்கும். நீரிழிவு எங்கள் ஊர்களில் வீட்டுக்கு வீடு இருக்கும் நோய். மீனைக் கையாள்கிறவர்களின் விரலில் சிவந்து வீங்கிப் பரவும் தோல் அழற்சி ஒன்றையும், வாரக்கணக்கில் ஆறாமல் கட்டிகட்டியாய் நிற்கும் ஒருவகை மைக்கோபக்ரீரியத் தொற்றையும் வைத்தியர்கள் நன்கு அறிவார்கள். இரண்டுக்கும் வாசல் சின்னக் கீறல்தான்.

முள்ளும் இருக்கிறது. ஓராவின் முதுகு முள்ளும் கெளிற்றின் பக்க முள்ளும் குத்தினால் சாதாரண வலி அல்ல, நஞ்சு. அந்த நஞ்சு புரதம், சூட்டில் சிதையும். 45 பாகை அளவில், கை பொறுக்கும் சூட்டில் உள்ள நீரில் அரை மணிநேரத்துக்கு மேல் அமிழ்த்தி வைத்தால் வலி தணியும் என்பது உலகெங்கும் சொல்லப்படும் முதலுதவி. மாரியில், நடுக்குடாவில், சிறு வள்ளத்தில் அந்தச் சுடுநீரை எங்கே தேடுவது? வைத்தியம் கைக்கெட்டாத இடத்தில் வரும்முன் காப்பதுதான் வைத்தியம்.

மூன்றாவது காலுக்கு வருகிறேன். இதைத்தான் நான் மிகவும் மதிக்கிறேன். உறை போட்டால் கொத்து தெரியாது என்கிறார்கள். உண்மை. கைநூல் பிடிக்கிறவனுக்குக் கண் விரலில்தான் இருக்கிறது. விளைமீன் இரையை உரசிப் பார்ப்பது, கலவாய் கவ்விக்கொண்டு கல்லுக்குள் ஓடத் திரும்புவது, நண்டு சுரண்டுவது எல்லாம் வேறுவேறு துடிப்புகளாகச் சுட்டுவிரல் சதையில் வந்து விழுகின்றன. தடித்த இறப்பரைப் போட்டு அந்தச் செய்தியை மறிப்பவன் மீன் பிடிக்கமாட்டான். முழுவிரல் கையுறைதான் ஒரே வழி என்றால் நானும் வெறுங்கைக் கட்சியில் சேர்ந்துவிடுவேன்.

ஆனால் இந்த வாதம் கையை ஒரே துண்டாகப் பார்க்கிறது. கொத்தை உணர்வது விரல்நுனிச் சதை. நூல் அறுப்பது அந்த இடத்தையா? இல்லை. மீன் ஓடும்போது நூல் பெரும்பாலும் சுட்டுவிரலின் மடிப்புகளிலும் உள்ளங்கையின் விளிம்பிலும்தான் ஓடுகிறது. உணரும் இடமும் அறுபடும் இடமும் வேறு. நுனியைத் திறந்து மடிப்பை மூடினால் இரண்டும் கிடைக்கும்.

இது நான் கண்டுபிடித்த புதுமையல்ல. எங்கள் நாட்டு மலைகளிலேயே பழசு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வெள்ளைக்காரர்கள் நுவரெலியா ஓடைகளிலும் 2,100 மீற்றருக்கு மேல் கிடக்கும் ஹோட்டன் சமவெளியிலும் திரௌட் மீனை இறக்கினார்கள். 1896 இல் அதற்கென்று சிலோன் ஃபிஷிங் கிளப் என்ற கழகத்தையும் தொடங்கினார்கள். அந்த மீனை ஈத்தூண்டிலால் பிடிப்பதுதான் மரபு. சில காலைகளில் புல்லில் உறைபனி விழும் இடம் அது. தலைமயிர் அளவு நூலில் கடுகளவு கொக்கியை முடிச்சுப் போட வேண்டும். நூலின் சிறு தளர்வையும் விரல் அறிய வேண்டும். இந்த மாதிரி மீன்பிடிக்கு உலகெங்கும் பேர்பெற்ற உறை, விரல்நுனி வெட்டிய கம்பளி உறை. நனைந்த பிறகும் கம்பளி ஓரளவு சூட்டை விடாது. அதன் இழைகளுக்குள் சிக்கிய காற்று அதற்குக் காரணம். தொடுகை மிகவும் தேவைப்படும் மீன்பிடியிலேயே கையுறை இருக்கிறது என்றால், தொடுகையைக் காட்டிக் கையுறையை மறுக்க முடியுமா? நுவரெலியாவின் உறையை அப்படியே திருகோணமலைக்குக் கொண்டுவரச் சொல்லவில்லை. வடிவத்தை எடுப்போம், கம்பளியை விடுவோம்.

நாலாவது கால், அப்பனும் பாட்டனும். இந்த வாதம் உணர்ச்சியில் பலமானது, ஆதாரத்தில் மிகவும் மெலிந்தது. வெறுங்கை மரபு என்று எங்கே இருக்கிறது? கடலோடிகள் கையை மூடிக்கொண்டுதான் வந்திருக்கிறார்கள். நியூஃபவுண்ட்லாந்துக் கரைக்கப்பால் கொட் மீனைக் கைநூலால் பிடித்தவர்கள் உள்ளங்கையைச் சுற்றிக் கம்பளியால் பின்னிய ஒரு தடித்த வளையத்தை மாட்டினார்கள். விரல்கள் முழுக்கத் திறந்திருக்கும், நூல் மட்டும் அந்த வளையத்தின் மேல் ஓடும். ஐஸ்லாந்துக் கடற்றொழிலாளரின் உறைக்கு இரண்டு பெருவிரல்கள். ஒரு பக்கம் தேய்ந்தால் திருப்பிப் போட்டுக்கொள்ளலாம். அமெரிக்காவின் மேய்ன் கரையில் உறையைப் பெரிதாகப் பின்னி, சுருங்க வைத்து, கடல் நீரில் தோய்த்துப் பிழிந்துவிட்டு மாட்டினார்கள். நனையாத உறையைத் தேடுவது வீண், நனைந்தும் உதவும் உறைதான் வேண்டும் என்று அவர்கள் எப்போதோ கண்டுகொண்டார்கள். பாரசீக வளைகுடாவின் வெந்நீரில் முத்துக் குளித்தவர்களோ விரல்களுக்குத் தோல் தொப்பி போட்டுக்கொண்டுதான் சிப்பியைப் பிடுங்கினார்கள்.

அதெல்லாம் அந்நியர் கதை என்றால் எங்கள் கரைக்கே வாருங்கள். சைக்கிள் ரியூப்பில் ஒரு துண்டு வெட்டிச் சுட்டுவிரலில் கொளுவிக்கொள்ளும் ஆட்களை நீங்கள் பார்த்ததில்லையா? பழந்துணியைக் கிழித்து உள்ளங்கையில் சுற்றுகிறவர்களை? கரைவலை இழுக்கும்போது முழுப்பாரத்தையும் கையில் வாங்காமல், இடுப்பில் கட்டிய பட்டியைக் கயிற்றில் கொளுவிப் பின்னோக்கி நடப்பதை? இவையெல்லாம் என்ன? வெறும் உடம்பு போதாது என்று கண்டவர்களின் ஏற்பாடுகள். பாட்டன் வெறுங்கையைக் கும்பிட்டவர் அல்லர். கிடைத்ததைக் கொண்டு கையைக் காத்தவர். அவர் பெயரைச் சொல்லி நாம் மறுப்பது, அவருக்குக் கிடைக்காமல் போன நல்ல பொருளை.

நான்கு கால்களும் ஆடிவிட்டன என்பதால் எதிர்ப்பக்கத்தில் நிற்கும் கடைக்காரர் வென்றுவிட்டார் என்று யாரும் எண்ண வேண்டாம். "தண்ணி புகாது, தடிப்பான சாமான்" என்று அவர் எடுத்து நீட்டும் முழங்கை நீள இறப்பர் உறை, தூண்டில் தொழிலுக்கு வெறுங்கையைவிட மோசமாகலாம். காரணங்கள் மூன்று.

ஒன்று, நீர் புகாத உறைக்குள்ளிருந்து நீர் வெளியேறவும் முடியாது. இங்கத்தைய புழுக்கத்தில் கை வியர்க்கும். கையை உயர்த்தி நூல் இழுக்கும்போது மழைநீர் மணிக்கட்டு வழியே வழிந்து உள்ளே இறங்கும். ஒரு மணிநேரத்தில் கை உறைக்குள்ளேயே ஊறத் தொடங்கிவிடும். காய்ப்பை மெத்தென்றாக்கும் அதே ஊறல், இப்போது பூட்டிய அறைக்குள். குளிர்நாட்டில் பெயரெடுத்த நியோப்பிரீன் உறைக்கும் இங்கே இதே கதிதான். அதன் நுரைக்குள் அடைபட்ட வாயுக் குமிழிகள் அங்கே சூட்டைக் காக்கும், இங்கே வியர்வையைக் காக்கும்.

இரண்டு, தளர்ந்த உறை ஆபத்து. இயந்திரம் பூட்டிய வலையிழுவை, சுழலும் உருளை, ஓடும் என்ஜின் இவற்றின் பக்கத்தில் உறையின் நுனி சிக்கினால் கை பின்னாலேயே போகும். அங்கே உறையைக் கழற்றிவிட்டு நிற்பதே பாதுகாப்பு. இந்த இடத்தில் வெறுங்கைக் கட்சியார் சொல்வது முற்றிலும் சரி.

மூன்று, "வெட்டாத உறை" என்று விற்பது குத்தாத உறை அல்ல. உருக்கு இழையோ உறுதியான செயற்கை இழையோ சேர்த்துப் பின்னிய உறை கத்தியின் வாயைத் தடுக்கும். கெளிற்று முள் அந்தப் பின்னலின் கண்ணுக்குள் நுழைந்து போய்விடும். கெளிற்றுக்கும் திருக்கைக்கும் கையுறையை நம்பக்கூடாது, குறட்டைத்தான் நம்ப வேண்டும்.

இந்த வேறுபாடுகளைக் கடைக்காரர் சொல்லாவிட்டாலும் பல உறைகளின் முதுகிலேயே அச்சடித்திருக்கும். ஐரோப்பியத் தரக் குறி ஈ.என். 388 என்றிருந்தால் அதன் கீழுள்ள முதல் நான்கு இடங்களும் வரிசையாக உரசல், வெட்டு, கிழிசல், குத்து ஆகியவற்றைத் தாங்கும் அளவைக் காட்டும். தூண்டில்காரன் முதலில் பார்க்க வேண்டியது முதல் எண். நூல் செய்வது உரசல் வேலை. அந்த எண்ணின் உச்சம் 4. மீன் வெட்டுகிறவன் பார்க்க வேண்டியது இரண்டாவதை. வெட்டுக்கு ஆங்கில எழுத்தாலும் தரம் போட்டிருக்கும், ஏ கடைசி, எஃப் உச்சம். நாலாவது எண் குத்து. அதன் சோதனைக்குப் பயன்படுவது தடித்த உருக்கு முனை என்பதால், மெல்லிய மீன்முள்ளுக்கு அந்த எண்ணை அப்படியே உத்தரவாதமாக எடுக்க முடியாது. ஈ.என். 511 என்ற இன்னொரு குறி குளிர் உறைகளுக்கு உரியது. அதன் மூன்றாவது எண் நீர் புகுமா புகாதா என்பதைச் சொல்லும். திருகோணமலையில் அந்தக் குறிக்காக ஒரு சதமும் கூடுதலாகக் கொடுக்க வேண்டியதில்லை.

அப்படியானால் எதைத் தெரிவது? மாரியில் கைநூல் போடுகிறவருக்கு நான் சொல்வது, நைலோனிலோ பொலியெஸ்டரிலோ தையலில்லாமல் பின்னி, உள்ளங்கைப் பக்கம் மட்டும் சொரசொரப்பான இறப்பரோ நைட்ரைலோ பூசிய மெல்லிய வேலை உறை. புறங்கைப் பக்கம் திறந்த பின்னலாக இருப்பதால் வந்த நீர் வடிந்து போகும், காற்றுப்படும். நூல் பிடிக்கும் கையில் பெருவிரல், சுட்டுவிரல், நடுவிரல் மூன்றின் நுனியை முதல் மடிப்புக்கு மேலே வெட்டிவிட வேண்டும். மடிப்பு மூடியே இருக்கட்டும். மற்றக் கையை வெட்டத் தேவையில்லை. மீனைப் பிடித்து அமர்த்துவது அந்தக் கை. முழுப் பருத்தி உறை வேண்டாம். பருத்தி தண்ணீரைக் குடித்துவிட்டு விடாது, பாரமாகித் தொங்கும்.

அளவுதான் எல்லாவற்றையும்விட முக்கியம். உள்ளங்கையில் மடிப்பு விழுந்தால் உறை பெரிது. அந்த மடிப்பில் நூல் மாட்டும். முட்டியை இறுக்கினால் சிறிது. இரத்த ஓட்டம் குறைந்து விறைப்பு கூடும். இரண்டு சோடி கொண்டுபோங்கள். வீடு வந்ததும் நன்னீரில் அலசிக் காற்றில் உலர்த்துங்கள். பெட்டிக்குள் ஈரமாகக் கிடந்த உறை பூஞ்சணத்தைத்தான் வளர்க்கும். இறப்பர் பட்டால் தோல் தடிக்கிறவர்கள் நைட்ரைல் பூச்சையே எடுக்க வேண்டும். பிடித்த மீனைத் திரும்பக் கடலில் விடப் போகிறவர் உறையைக் கழற்றி நனைந்த வெறுங்கையால் தொடட்டும். சொரசொரப்பான உறை மீனின் மேற்பூச்சை உரித்துவிடும். உறை இருக்கிறதென்ற தைரியத்தில் நூலை மட்டும் கையைச் சுற்றி ஒருபோதும் கட்டக்கூடாது. பெரிய மீன் ஆளையே இழுக்கும்போது எந்த உறையும் காப்பாற்றாது.

கடைசியாகச் செலவு என்ற பேச்சு வரும். நான் சொல்லும் உறை கட்டட வேலைக்காரர் போடும் சாதாரண உறைதான், வன்பொருள் கடைகளில் தொங்குகிறது. மாரியில் கடல் தொழிலுக்கு விடும் நாட்களே குறைவு. அந்தக் குறைந்த நாட்களில் சீழ் பிடித்த விரலோடு ஒரு கிழமை வீட்டில் இருப்பதன் செலவை யார் கணக்குப் பார்க்கிறார்கள்? அந்தக் கணக்கைக் குடும்பத்துப் பெண்கள்தான் பார்க்கிறார்கள், அடகுக் கடைக்கு வளையலைக் கொண்டுபோகும்போது.

இதில் வெட்கப்பட வேண்டிய ஒன்று உண்டென்றால் அது கையுறை போடுவதல்ல. உலகத்துக்குக் கையுறை செய்து கொடுக்கும் நாடுகளில் ஒன்று இலங்கை. 1976 இல் தொடங்கிய டிப்ட் புரொடக்ட்ஸ் நிறுவனம் இங்கத்தைய இறப்பர் பாலைக் கொண்டு செய்யும் உறைகள் பல நாடுகளுக்குப் போகின்றன. பியகமவில் அன்செல் நிறுவனத்துக்குப் பெரிய தொழிற்சாலை இருக்கிறது. இந்த நாட்டு மரத்தில் பால் வெட்டி, இந்த நாட்டுப் பெண்கள் தொழிற்சாலையில் நின்று செய்த உறை அந்நிய நாட்டுத் தொழிலாளியின் கையைக் காக்கிறது. எங்கள் துறைமுகத்துக்குள் தூண்டில் போடுகிறவனுக்கு மட்டும் ரியூப் துண்டு போதும் என்று நாமே தீர்மானித்து, அதற்கு வீரம் என்று பெயரும் வைத்திருக்கிறோம்.

கிராமத்துக் கடற்றொழிலாளர் சங்கங்கள் வலைக்கும் எரிபொருளுக்கும் நிவாரணம் கேட்டு மனுக் கொடுக்கின்றன. கேட்கட்டும், அது உரிமை. ஐப்பசி பிறக்கும்போது மொத்த விலையில் சில நூறு சோடி உறையை, சிறிது, நடு, பெரிது என்று அளவு பிரித்து வாங்கிச் சங்கக் கடையில் வைக்க மனுவும் தேவையில்லை, அமைச்சரும் தேவையில்லை. ஒரு கூட்டத்துத் தீர்மானம் போதும். மூத்த தொழில்காரர் இரண்டு பேர் முதலில் போட்டுக் காட்டினால் பகிடி ஒரு மாரியோடு ஓய்ந்துவிடும். இளையவர்களைச் சிரித்து அடக்கியது அந்த மூத்தவர்களின் பேச்சுத்தான். முதற் சோடியை வாங்கும் கடமையும் அவர்களுடையதே.